பன்னிரண்டு போகும், எட்டுத் திரும்பும்

மனைவியை இனி வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் ஓடாத மூளை அன்றைக்கு ஓடத் தொடங்கியது. அப்பாவின் பெட்டிக்குள் கிடந்த அவர் கைப்பட எழுதிய சித்தர் பாடல் கொப்பியை எடுத்தேன். சித்தர்கள் மருந்தைப் பாட்டுக்குள் ஒளித்துவைப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதைக் கண்டுபிடிக்கப் பிறந்த ஆள் நான்தான் என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு இரண்டு வாசல், பன்னிரண்டு போகும், எட்டுத் திரும்பும் என்றிருந்தது ஒரு பாட்டில். வாசல் இரண்டும் மூலிகை, எண் இரண்டும் அளவு என்று முடிவுகட்டினேன். சுன்னாகம் சந்தையில் தூதுவளையும் வல்லாரையும் வாங்கி, பன்னிரண்டு பிடிக்கு எட்டுப் பிடி போட்டு அவித்தேன்.

“இஞ்சருங்கோ, உதை முதல் நீங்கள் குடிச்சுக் காட்டுங்கோ.”

குடித்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்து, விலா நோக நோகச் சிரித்தாள். பிறகு எனக்காக முழுவதையும் குடித்தாள்.

ஒன்பது நாள் இப்படிப் போனது. அவள் கூப்பிடும்போதெல்லாம் அடுத்த அறையிலிருந்து, “வாறன், இந்த ஒரு வரி” என்பேன்.

பத்தாம் நாள்தான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். பாடத்தை முழுவதும் வாசிக்காமல் விடை எழுதாதே என்று எத்தனை பிள்ளைகளுக்கு அடித்திருப்பேன்! வாசல் இரண்டும் மூக்கு. பன்னிரண்டும் எட்டும் மூச்சின் நீளம், விரற்கடைக் கணக்கில். எந்தப் பக்கம் மட்டும் மூச்சு ஓடினால் உயிர் எத்தனை நாள் தங்கும் என்பதுதான் மிச்சமெல்லாம். மருந்தென்று ஒரு சொல் இல்லை.

தூங்குகிறாள் என்று நினைத்து அவளுடைய மூக்கின் கீழே விரலை வைத்தேன். இடப்பக்கம் மட்டும் சூடு.

“என்ன, மூக்குத்தியைக் களவெடுக்கிறியளோ?” கண் திறக்காமலே கேட்டாள்.

“இல்லையப்பா.”

“கொப்பியிலை என்ன கிடக்குது?”

“இன்னும் பிடிபடேல்லை.”

“பிடிபட்டிட்டுது. உங்கடை மூஞ்சியிலை தெரியுது. எத்தினை நாளாம்?”

கையிலிருந்த கொப்பியைத் திரும்பப் புரட்டினேன்.

“சரி, விடுங்கோ. உதை மூடிப்போட்டு இதிலை வந்து இருங்கோ.”

இருந்தேன். கொப்பி ஏழு நாள் என்றது; அவள் நாலாம் நாள் போய்விட்டாள். மிச்ச மூன்று நாளை யாரிடம் போய்க் கேட்பது? நானே தொலைத்த ஒன்பதையும் சேர்த்துக் கேட்க எனக்கு வாயும் இல்லை.