பார்த்தேன், சரி

மார்லிஸ் ஃப்ரீசனின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. இதை முதலில் மற்றவர்கள் சொன்னார்கள். பிறகு அவளே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். வின்னிபெக்கில் மைனஸ் முப்பது அடிக்கும் காலையில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் உறையாமலிருக்க அதைச் சூடாக்கும் கரண்ட் வயரைச் செருகிவிட்டு எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். அவள் மட்டும் பக்கத்து வண்டியின் வயரையும் ஒரு பார்வை பார்ப்பாள். செருகாமல் கிடந்தால் தானே செருகிவிட்டு மாடிக்கு வந்து, "யாருது அந்த நீல வண்டி? சாயங்காலம் தள்ளிட்டுப் போற யோசனையா?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்பாள். உதவியும் செய்வாள், குத்தியும் காட்டுவாள். அந்த ரகம்.

நாற்பத்தொரு வயது. பக்கத்து ஊர் ஸ்டைன்பாக்கில் மென்னோனைட் கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவள். பதினாறு வயதில் வீட்டு நிலவறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, ஊர்ப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் சுட்டு விளையாட சர்வர் நடத்தினாள். யுத்தமே பாவம் என்று ஜெபம் செய்யும் வீடு அது; அதன் அடியில் ஓயாத துப்பாக்கிச் சத்தம். இன்டர்நெட்டும் டெலிபோன் லைனில்தான் வந்தது; மாடியில் அம்மா டெலிபோனைக் கையில் எடுத்தால் கீழே யுத்தம் பாதியில் நின்றுவிடும். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன் டார்சி புரோசிக். அவன் பின்னாளில் வின்னிபெக்கில் கேம் கம்பெனி ஆரம்பித்தபோது, பள்ளிக்கூட வாரியத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்த மார்லிஸைக் கூப்பிட்டுக்கொண்டான். அது ஆயிற்று ஒன்பது வருஷம்.

பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கு எங்காவது ஓர் இயந்திரம் நடுவராக உட்கார்ந்திருக்க வேண்டும். யார் முந்தினான், யார் யாரை இடித்தான் என்று தீர்ப்புச் சொல்வது அதுதான். அதை இப்போது யாரும் சொந்தமாக வாங்குவதில்லை. கிளவுட்காரனிடம் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள். ஆட்டக்காரர்கள் கூடினால் இயந்திரங்கள் தானாகக் கூட வேண்டும், கலைந்தால் தானாகக் குறைய வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டம் மட்டும் அறுந்துபோகக் கூடாது. ஆட்டக்காரன் இருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே இயந்திரமும் இருக்க வேண்டும். தூரமானால் ஆட்டம் இழுக்கும், அம்மா அப்பாவைச் சேர்த்துத் திட்டுவார்கள். இதையெல்லாம் மார்லிஸ் மூன்று விளையாட்டுகளுக்குத் தனி ஆளாகச் செய்து கொடுத்தாள். மூன்றும் வெளியான நாளில் ஒன்றுமே உடையவில்லை. ஒன்றும் உடையாத நாளில் யார் வந்து முதுகில் தட்டுவார்கள்? அவரவர் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் மான்ட்ரியாலில் இருந்து கோரி லாஜிமோடியர் வந்து சேர்ந்தான். இருபத்தொன்பது வயது. சொந்த ஊர் இதே வின்னிபெக்தான், செயின்ட் போனிஃபஸ் பேட்டை. பெரிய கம்பெனியில் ஆறு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவன். நான்காவது விளையாட்டு 'ஏரிப் பாய்ச்சல்'. உறைந்த ஏரியின் மேல் நாற்பது பேர் பனிவண்டியில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஓடுவது. அதன் சர்வர் வேலையை டார்சி இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்தான். கூடவே ஒரு வெடியையும் வைத்தான்.

"ரிலீஸ் முடிஞ்சதும் ஆன்லைனுக்குன்னு தனி டீம் போடப்போறேன். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் தலை."

மார்லிஸ் அந்த நாற்காலியில் மனத்தளவில் ஐந்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். இப்போது அதன் ஓரத்தில் இன்னொருவன் வந்து உட்கார்ந்துவிட்டான்.

அவன் கெட்டவனாக இருந்தாலாவது பரவாயில்லை. சோம்பேறி, வாயாடி என்று ஏதாவது ஒன்று இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக வெறுத்திருப்பாள். அவனோ வேலையில் சூரன். எதற்கெடுத்தாலும், "நீங்க என்ன நினைக்கிறீங்க மார்லிஸ்?" என்று கேட்டான். அந்த மரியாதையே அவளுக்கு எரிந்தது. வந்த மூன்றாம் வாரம் சுவரில் ஒரு பெரிய டிவியை மாட்டி, உலக வரைபடத்தைப் போட்டு, சர்வர் இருக்கும் ஊர்களிலெல்லாம் பச்சை விளக்கு மினுக்க வைத்தான். அதே கணக்கு மார்லிஸின் கருப்புத் திரையில் ஒன்பது வருஷமாக வெள்ளை எழுத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதைக் காட்ட டார்சி ஒருநாளும் யாரையும் கூட்டி வந்ததில்லை. இப்போது யார் வந்தாலும் டிவி முன்னால் நிறுத்தி, "பாருங்க, எங்க கோரியோட வேலை" என்றான்.

எங்க கோரி! அவளுக்குக் காதில் புகை வந்தது.

வீட்டில் அவள் கணவன் க்ளென், ஐஸ் ஹாக்கி மைதானத்தில் பனியை வழிக்கிற வண்டி ஓட்டுபவன், ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் சொல்லியே விட்டான். "இந்த வீட்டுல என் பேர விட அவன் பேருதான் அதிகமா கேக்குது. அவனையே கட்டியிருக்கலாம்."

"பேசாம பெரோகியத் தின்னு" என்றாள்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சர்வர் அமைப்பில் ஒருவன் எதை மாற்றினாலும் அது அப்படியே உள்ளே போகாது. இன்னொருவர் வரிவரியாகப் பார்த்து, அடியில் 'பார்த்தேன், சரி' என்று எழுத வேண்டும். எழுதிவிட்டால் அதன் பிறகு வருவது இரண்டு பேருக்கும் பொது. பலர் பார்க்காமலே எழுதுவார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். மார்லிஸ் அப்படியில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். மாற்றத்தை எழுதிய கோப்பில் இருப்பதோடு நிற்காமல், கிளவுட்காரனின் கணக்குப் பக்கத்தையும் திறந்து ஒத்துப் பார்ப்பாள். கோப்பில் நாம் ஆயிரம் எழுதலாம், அவன் கொடுக்க வேண்டுமே!

செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை ரிலீஸ். செவ்வாய் காலையில்தான் கோரி இரண்டு லட்சம் பொய் ஆட்டக்காரர்களை உருவாக்கி சர்வர்கள் மேல் ஏவிவிட்டிருந்தான். அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லாம் தாங்கின. டார்சி குதித்தான். மத்தியானம் கேக் வரவழைத்தான். சாதாரணக் கேக் இல்லை, காராமெல் வழியும் ஷ்மூ கேக். இரண்டு மணிக்கு எல்லோரும் டிவி முன்னால் கூடினார்கள்.

மார்லிஸ் தன் மேஜையை விட்டு எழவில்லை. கோரியின் கடைசி மாற்றம் அவள் பார்வைக்குக் காத்திருந்தது. பார்த்தாள். வர்ஜீனியா நானூறு இயந்திரம், ஆரிகன் முந்நூறு, ஃப்ராங்ஃபர்ட் முந்நூறு, சாவ் பாலோ இருநூறு. போர்ச்சுகீசிய மொழி கடைசி மாதத்தில் சேர்ந்ததால் பிரேசிலும் கடைசியில் சேர்ந்தது. காலையில் நடந்த சோதனையில் அது இல்லை. வழக்கம்போல் கணக்குப் பக்கத்தைத் திறந்தாள். இந்த விளையாட்டுக்கென்று திறந்தது புதுக் கணக்கு; புதுக் கணக்குக்கு கிளவுட்காரன் ஒவ்வோர் ஊரிலும் ஓர் உச்சவரம்பு வைத்திருப்பான். அதை உயர்த்த ஊருக்கு ஊர் தனி மனுப் போட வேண்டும். இரண்டு நாளாவது ஆகும். முதல் மூன்று ஊருக்கும் கோரி மனுப் போட்டு வாங்கியிருந்தான். சாவ் பாலோவில் உச்சவரம்பு எட்டு.

எட்டு! இருநூறு கேட்டிருக்கிறான், எட்டுதான் கிடைக்கும். மனுவை மறந்துவிட்டான்.

அவள் விரல் தானாகவே குறிப்பை எழுதத் தொடங்கியது. 'சாவ் பாலோ உச்சவரம்பு எட்டுதான் இருக்கு. கோரி, மனுப் போட்டியா?' அனுப்பும் பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பக்கம் டார்சியின் குரல் கேட்டது. "இந்தத் தொழிலுக்கு வந்த பதினேழு வருஷத்துல இப்படி ஒரு சர்வர் வேலைய நான் பார்த்ததே இல்லடா!"

பதினேழு வருஷம். அதில் ஒன்பது அவளுடையது. குறிப்பை அனுப்பாமலே அந்தப் பெட்டியை மூடினாள். கீழே 'பார்த்தேன், சரி' என்று எழுதினாள். போய் ஒரு துண்டு கேக்கும் வாங்கித் தின்றாள்.

தன் மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

வியாழன் மத்தியானம் பன்னிரண்டுக்குக் கதவு திறந்தது. பச்சை விளக்குகள் பெருகின. ஒன்றேகாலுக்கு பிரேசிலில் லட்சக்கணக்கான பேர் பார்க்கும் ஒருவன் 'ஏரிப் பாய்ச்சலை' நேரலையில் ஆட ஆரம்பித்தான். பனியையே பார்க்காத ஒரு நாடு பனிவண்டி ஓட்டக் கிளம்பி வந்தது. எட்டு இயந்திரம் நிமிஷத்தில் நிரம்பியது. ஒன்பதாவது வரவில்லை. வரிசையில் முப்பதாயிரம் பேர், நாற்பதாயிரம் பேர் என்று ஏறிக்கொண்டே போக, டிவியில் சாவ் பாலோ சிவந்தது.

மார்லிஸுக்கு முதலில் இனித்தது. அதை மறைத்துச் சொல்ல நான் யார்? ஆனால் கோரி நாலே நிமிஷத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டான். "உச்சவரம்பு! மனுப் போடல, நான்தான் மறந்துட்டேன்" என்று கூசாமல் உரக்கச் சொன்னான். அவன் அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பத்து நிமிஷமாவது தேடியிருக்கக் கூடாதா? அவசர மனு போய், வரம்பு உயர ஐந்து மணி நேரம் ஆனது. அதுவரை பிரேசில்காரர்களை வர்ஜீனியாவுக்குத் திருப்பிவிட்டார்கள். அவர்கள் வண்டிகள் இருந்த இடத்தில் இல்லாமல் தவளைபோல் தத்தின. வந்த திட்டுகளை மொழிபெயர்த்துப் படித்த பெண் பாதியில் நிறுத்திவிட்டாள். வந்த கூட்டத்தில் பெரும்பகுதி அப்புறம் திரும்பவே இல்லை.

திங்கட்கிழமை விசாரணைக் கூட்டம். அதற்கும் ஒரு வழக்கம் உண்டு: நடந்ததை எழுதும் அறிக்கையில் யார் பெயரும் வரக் கூடாது. ஆளைத் திட்டினால் அடுத்த தடவை மறைப்பான், ஆகவே வழியை மட்டும் திருத்து என்பது கொள்கை. நல்ல கொள்கைதான். எல்லோரும் தேன் சாஸில் கோழித்துண்டைத் தோய்த்துத் தின்றுகொண்டே பேசினார்கள்.

"மாத்தினவர் மறந்தார். சரி. பார்த்தவர் கண்ணுல ஏன் படல?" என்று டார்சி அறிக்கையைப் பார்த்துக் கேட்டான்.

கோரி முந்திக்கொண்டான். "அது கோப்புலயே இல்லையே டார்சி. கணக்குப் பக்கத்துக்குப் போனாத்தான் தெரியும். யாருக்கும் தப்பும். மார்லிஸ் மேல தப்பே இல்ல."

"இல்ல, இவ எப்பவும் அங்க போய்ப் பார்ப்பா" என்றான் டார்சி. பிறகு அவள் பக்கம் திரும்பி, ஸ்டைன்பாக் காலத்துப் பழைய பாசத்தோடு சொன்னான். "பரவால்ல விடு. ஒன்பது வருஷமா ஒத்த ஆளா பார்த்துட்டு இருக்க. கண்ணும் அசரத்தானே செய்யும்."

கண் அசந்ததா? அவள் கண்ணா?

"அதுக்குத்தான் சனிக்கிழமை ஒரு புரோகிராம் எழுதினேன்" என்று கோரி மடிக்கணினியைத் திருப்பினான். "கோப்பையும் உச்சவரம்பையும் இதுவே ஒத்துப் பார்த்துடும். இனிமே இதை யாரும் கண்ணால பார்க்கவே வேண்டாம்."

மேஜையைச் சுற்றி, "அட!" என்றார்கள். ஒருத்தி கைகூடத் தட்டினாள். மறந்தவனுக்குக் கைதட்டல், பார்த்தவளுக்கு அனுதாபம். மார்லிஸால் அதற்கு மேல் முடியவில்லை.

"எனக்குத் தப்பல."

"என்னது?"

"என் கண்ணுக்குத் தப்பல. செவ்வாய்க்கிழமையே பார்த்தேன். எட்டுன்னு பார்த்தேன்."

டார்சி சிரித்தான். "விடு மார்லிஸ். யாரும் உன்னக் குத்தம் சொல்லல."

அவன் நம்பவில்லை, அவமானம் தாங்காமல் பீற்றிக்கொள்கிறாள் என்று நினைத்துவிட்டான். கோரிகூட இரக்கமாகத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அந்த இரக்கம்தான் அவளைக் கிளப்பியது. எழுந்து சுவரில் இருந்த டிவியின் வயரைப் பிடுங்கித் தன் மடிக்கணினியில் செருகினாள். உலக வரைபடம் போய் அவளுடைய திரை வந்தது. அனுப்பாத குறிப்பு அழியாது; எழுதியவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அங்கேயே கிடக்கும். அதைத் திறந்து காட்டினாள்.

'சாவ் பாலோ உச்சவரம்பு எட்டுதான் இருக்கு. கோரி, மனுப் போட்டியா?' செவ்வாய், இரண்டு பத்து.

கோழித்துண்டு தின்பதை எல்லோரும் நிறுத்தினார்கள்.

கோரி எழுந்து கிட்டே போய், சின்ன எழுத்தைப் படிப்பவன்போல் இரண்டு தடவை படித்தான். "ரெண்டு பத்து. அதுக்கப்புறம் ரெண்டு பதினொண்ணுக்கு 'பார்த்தேன், சரி'ன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"ஏன் அனுப்பல?"

அவளிடம் நூறு பொய் இருந்தது. வாயில் உண்மைதான் வந்தது. "நீ கேக் வெட்டிட்டு இருந்த."

அவள் பார்த்ததை இப்போது யாரும் சந்தேகப்படவில்லை. அவளுக்கு வேண்டியது அதுதானே, கிடைத்துவிட்டது. டார்சி மட்டும் வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான். பெயர் எழுதக் கூடாது. வழியைத்தான் திருத்த வேண்டும். இதற்கு என்ன வழியைத் திருத்துவது? கடைசியில், 'பிழை முன்பே பார்க்கப்பட்டது; தெரிவிக்கப்படவில்லை' என்று ஒரே வரி எழுதி, திருத்தம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அறையை விட்டுப் போனான்.

புதன்கிழமை கோரியைத் தலைவனாக அறிவித்தார்கள். மார்லிஸை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை, அவளும் போகவில்லை. நாற்பத்தொரு வயதில் வேறெங்கே போவது, வயிற்றெரிச்சலையும் கூடவேதானே எடுத்துப் போக வேண்டும்? கோரியின் புது புரோகிராம் உச்சவரம்பைப் பார்த்துக்கொள்கிறது. மீதி எல்லா மாற்றத்தையும் அவன் இன்னும் அவளுக்குத்தான் அனுப்புகிறான். இங்கே அவளைவிட நன்றாகப் பார்ப்பவர் யாரும் இல்லை என்று புதிதாக வருகிறவர்களிடமும் சொல்கிறான்.

அவள் பார்த்து முடிக்கும்போது நாற்காலியை அவள் பக்கம் திருப்பி, தினமும் ஒரே கேள்வியைக் கேட்கிறான்.

"பார்த்ததெல்லாம் சொல்லிட்டீங்களா, மார்லிஸ்?"

கிண்டலாகக் கேட்டால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவாள். அவன் நிஜமாகவே கேட்கிறான்.