சுவர்ப்பக்கம் திருப்பிய அட்டைகள்

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒரு சொல்லும் பேசமாட்டாள். ஓட்டிசம் என்றார்கள். மாதத்துக்கு ஒருமுறை மதுரங்குளியில் பஸ் ஏறி புத்தளத்துக்குக் கிளினிக் போவோம். பேச்சுப் பயிற்சி தரும் மிஸ் ஒரு விளையாட்டுச் சொல்லித் தந்தார். தண்ணீர், பாண் துண்டு, பூனை, உம்மா என்று படம் போட்ட அட்டைகள். பிள்ளை எந்த அட்டையை எடுத்து நீட்டுகிறதோ, பேரைச் சொல்லி உடனே படத்தில் இருப்பதைக் கொடுத்துவிட வேண்டும். கேட்கப் பழகட்டும், சொல் பிறகு வரும் என்றார்.

எங்கள் வீட்டில் இருந்ததே ஓர் அறை. அட்டைகளை அங்கே சுவரில் வரிசையாகக் கொழுவினேன். தொழுவதும் அங்கேதான். உயிருள்ளவற்றின் படத்துக்கு முன்னால் தொழுவதில்லை என்பதால் ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் அட்டைகளைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவேன். பூனையையும் உம்மாவையும் மட்டும் திருப்பினால் போதும்தான். ஆனால் எது எது என்று பார்க்கக்கூட எனக்குத் தெம்பில்லை, எல்லாவற்றையும் திருப்பினேன்.

நாலு மாதம் போனது. அவள் ஓர் அட்டையையும் தொடவில்லை. அவளுடைய வாப்பா காலையிலேயே உப்பளத்துக்குப் போய்விடுவார். நான் நாள் முழுக்க தண்ணீர், தண்ணீர் என்று தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒருநாள் ஆத்திரத்தில் பாண் அட்டையைத் தூக்கி எறிந்தும்விட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. இப்போது அவள் முகத்தைப் பார்த்தே பசியென்று நான் அறிந்துகொள்கிறேன், நான் மௌத்தான பிறகு இவள் யாரிடம் எப்படிக் கேட்பாள்?

ஒரு காலை பத்து மணியிருக்கும். தண்ணீர் அட்டையைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து போய்ச் சுவரிலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். பிறகு வந்து என் கையிலிருந்ததையும் வாங்கித் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் கணவரின் தங்கச்சி எட்டிப் பார்த்தாள். "தொழச் சொல்றா போல, மதினி," என்றாள் சந்தோஷமாக.

"லுஹருக்கு இன்னும் ரெண்டு மணித்தியாலம் இருக்கே," என்றேன்.

மகள் நான் வழக்கமாகப் பாய் விரிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் தொழும்போதும் அங்கேதான் இருப்பாள். அந்த நேரத்தில் மட்டும்தான் நான் அவளிடம் எதையும் கேட்பதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பிள்ளை என்னிடம் முதல்முதலாக ஒன்று கேட்டிருக்கிறாள். போதும் உம்மா, கொஞ்சம் பேசாமல் இருங்கள்.

கேட்டதை உடனே கொடுக்க வேண்டும் என்பதுதானே விளையாட்டு. நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் மேல் சாய்ந்தாள். பாங்கு சொல்லும்வரை நான் வாய் திறக்கவில்லை.