பன்னிரண்டு தாளில் ஒரு நடை

கார்ட்டூன் டைரக்டர் என்று கேட்டால் அந்த ஸ்டுடியோவில் யாருக்கும் சட்டென்று விளங்காது. பென்சில் சார் என்று கேட்க வேண்டும். கல்யாணப் போட்டோவில்கூடக் காதில் பென்சில் செருகி நிற்கிற மனிதர். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதித் தொடங்கி, யாரோ வரைந்த படங்களுக்கு வண்ணம் பூசி, பிறகு இரண்டு படங்களுக்கு நடுவிலுள்ள அசைவுகளை வரைகிற ஆளாகிப் பதினாறு வருஷம் தேய்ந்தார். பூனை எங்கே கிளம்பும், எங்கே போய் நிற்கும் என்பதை வேறொருவர் முடிவு செய்வார். நடுவில் அது படுகிற பாடு மட்டும் இவருடையது.

டைரக்டர் நாற்காலி கிடைத்தது ஒரு நடையால். அந்த நடை அக்காவுடையது.

அக்கா அவரைவிட எட்டு வயது மூத்தவள். அம்மாவும் அப்பாவும் விடியுமுன் ஆலைக்குப் போய்விடுவார்கள். தம்பிக்குத் தலை வாரி, சட்டை மாட்டி, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது அவள் வேலை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இடது கால் சூம்பியிருந்தது. காலை வெளிப்பக்கமாக வீசி, கையால் முழங்காலை ஓர் அழுத்து அழுத்தி, தோள் தாழ அடுத்த அடி வைப்பாள். நடைபாதை குறுகல் என்பதால் அவள் முன்னால் போவாள், பையோடு அவர் பின்னால் போவார். ஆறு வருஷம் பார்த்த நடை அவருக்கு மனப்பாடம்.

முதல்முறையாகத் தன் சொந்தக் கதையை சேனலுக்குக் காட்டினார். கொடியில் காயும் துணிகளைத் திருடி மூட்டை கட்டுகிற ஒரு நரியின் கதை. அதிகாரி உதட்டைக்கூட அசைக்கவில்லை.

"நரி நடக்குது, சிரிப்பு வரலயே. சாப்பிட்டு வர்றேன். அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க. இல்லன்னா விட்டுடலாம்."

ஒரு மணி நேரம் இருந்தது. பென்சில் தனக்குத் தெரிந்த வழியில் போயிற்று. பன்னிரண்டு தாள். அதிகாரி வந்ததும் தாள்களை விரலால் சரசரவென்று தள்ளிக் காட்டினார். நரி காலை வீசி, முழங்காலை அழுத்தி, தோளைத் தாழ்த்தி நடந்தது. அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆபத்துக்குப் பாவமில்லை என்று இவர் மனசுக்குச் சமாதானம் சொன்னார். மனசுக்கென்ன, சொன்னால் கேட்டுக்கொள்ளும்.

இந்தத் தொழிலில் ஒருமுறை வரைந்த நடையை யாரும் திரும்ப வரைவதில்லை. அதே பன்னிரண்டு படம்தான் சுற்றிச் சுற்றி வரும். நரி எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் படத்தை அப்படியே திருப்பிப் போட்டால் போதும். நூற்று நான்கு வாரம் நரி அப்படியே நடந்தது. பென்சில் சார் டைரக்டராக இருந்து தயாரிப்பாளரும் ஆனார்.

அதற்குள் அக்கா, ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் இருபத்தாறு வருஷம் பார்த்த வேலையை, ஓய்வுக்கு நான்கு வருஷம் இருக்கும்போதே விட்டுவிட்டாள். "முட்டி வலிடா" என்றாள். "நல்லதுக்கா, ரெஸ்ட் எடு" என்றார் இவர். மெத்தை வைத்த நாற்காலி ஒன்றும் வாங்கி அனுப்பினார். புண்ணியவான்.

ஒருநாள் எடிட்டர் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். "சார், நம்ம நரி எங்க வரைக்கும் போயிருக்கு தெரியுமா? என் பையன் ஸ்கூல் ஆபீஸ்ல ஒரு அம்மா இருந்தாங்களாம், கொஞ்சம் நொண்டுவாங்களாம். அவங்க போனா பசங்க வரிசையா பின்னாடியே நரி நடை நடப்பாங்களாம். நரியக்கான்னே பேரு. பாவம், வேலையையே விட்டுட்டாங்க."

"எந்த ஸ்கூல்?"

சொன்னாள். அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தார். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். இந்தக் கடா பாய்ந்துவிட்டு நாற்காலி வேறு வாங்கி அனுப்பியிருக்கிறது.

அடுத்த வாரமே நரிக்குப் புது நடை வரைந்து எடுத்துக்கொண்டு சேனலுக்கு ஓடினார். அதிகாரி தாள்களைத் தொடவே இல்லை.

"அந்த நடைதான் சார் ஷோவே."

"அது எங்க அக்கா நடை சார்."

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். "இருக்கட்டுமே. யாருக்குத் தெரியப்போகுது?"

இவர் பிடிவாதம் பிடித்தார். ஒப்பந்தப்படி நரியும் நரியின் நடையும் சேனலுக்குச் சொந்தம். மாதம் முடிவதற்குள் டைரக்டர் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தார், நரி பழையபடியே நடந்தது. அந்த நடையை நிறுத்திவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு அக்கா முன்னால் போய் நிற்கலாம் என்றிருந்தவர், வெறுங்கையோடு போனார்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மெத்தை நாற்காலிமேல் துணிதான் குவிந்திருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"முதல் நாளே தெரியும்" என்றாள். "நரி போறப்ப இடது காலை நொண்டுது, திரும்பி வர்றப்ப வலது காலை நொண்டுது. எனக்கு அந்த வசதி இல்லடா."

"பசங்களையாவது நாலு சத்தம் போட்டிருக்கலாமேக்கா."

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? நீயா வந்து சொல்லுவேன்னு பாத்துட்டே இருந்தேன். நாற்காலி வந்துச்சு."

அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "மாத்தச் சொல்லிப் பாத்தேன்க்கா. என்னையே தூக்கிட்டாங்க."

"அப்ப நரி?"

"நடக்குது."

அவள் கடைசிச் சட்டையையும் மடித்து வைத்தாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "கடைக்குப் போகணும். பையை எடு" என்றாள்.

நடைபாதை இங்கேயும் குறுகல்தான். பழக்க தோஷத்தில் பையோடு அவளுக்குப் பின்னால் போய் நின்றார். அக்கா ஓர் அடிகூட வைக்கவில்லை.

"நீ முன்னால போ."

"நீ போக்கா, நான் பையை..."

"முன்னால போன்னு சொன்னேன்."

அவர் போனார். ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், ஒரு அடி என்று பின்னால் சத்தம் வந்துகொண்டிருந்தது. கடை வரும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.