கிராணி கழித்த கப்பல்கள்

என் வீட்டுக்காரர் தமிழிலும் எழுதுவார், இங்கிலீஷிலும் எழுதுவார். வானொலியில் விவரண நிகழ்ச்சிகள் தயாரித்துப் பேர் வாங்கினார். மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். மேடையில் யாராவது உங்களுக்குக் குரு யார் என்று கேட்டால், வாயில் நுழையாத வெள்ளைக்காரன் பேர் ஒன்றைச் சொல்வார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பேன். அவர் தொழில் பழகிய இடம் மலாயாவில் பாலோவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், ரப்பர்ப் பால் நிறுக்கிற ஒரு கொட்டகை. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனாலும் அன்றைக்கு அங்கே நின்றவள் நான்.

ஜப்பான்காலம். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். அவர் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற சின்னக் கிராணி, நான் அதே தோட்டத்துக் கங்காணி மகள். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய்விட்டான், அவன் பங்களாவில் ரேடியோ மட்டும் இருந்தது. ஜப்பான்காரன் நிலையம் ஒன்றுதான் கேட்கலாம் என்று அதற்கு முத்திரை வைத்திருந்தார்கள். இவர் தினமும் அதில் இங்கிலீஷ் செய்தி கேட்டு, இங்கிலீஷில் ஒரு தாள் எழுதி டவுனில் இருந்த ஜப்பான் ஆபீசருக்கு அனுப்ப வேண்டும். அதையே தமிழில் எழுதி, விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது வாசிக்க வேண்டும். அப்படி உத்தரவு.

ரெண்டு பாஷை தெரிந்த கர்வம் அவருக்கு. “பகைவரின் போர்க்கலங்கள் ஆழ்கடலின் அடியில் அமிழ்ந்து அழிந்தன” என்று கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். எதிரில் நிற்கிறவர்களும் கண்ணை மூடியிருப்பார்கள். அவர்கள் நின்றபடி தூங்கினார்கள்.

“கிராணி என்னா சொன்னாரு?” என்று ஒருத்தி கேட்டாள்.

“யாரோ செத்துட்டாங்கபோல,” என்றாள் பக்கத்தில் நின்றவள். “பாவம், நல்லாத்தான் அழுவுறாரு.”

அவரிடம் சொன்னேன். “நீ மூணாங்கிளாஸ். ஒனக்கு என்னா தெரியும்?” என்றார்.

அதற்குள் டவுனிலிருந்து சேதி வந்தது. அடுத்த வாரம் பால் நிறுக்கிற நேரத்தில் ஆபீசர் வருவார், ஆட்களிடம் செய்தி கேட்பார். ஆட்களுக்குத் தெரியவில்லை என்றால் வாசித்த கிராணி அடுத்த ரயிலில் சயாமுக்குப் போக வேண்டும், அங்கே தண்டவாளம் போட. எங்கள் லயத்து வீடுகளிலிருந்து முன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒருத்தரிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை. இவருக்கோ பேனா தூக்கினாலே கை வலிக்கும். அன்றிலிருந்து மரவள்ளிக்கிழங்கு வேகவைத்து வைத்தால் அப்படியே இருக்கும்.

“ஏங்க, சாப்பிடுங்க. சயாம்ல இதுகூடக் கெடைக்காது,” என்றேன்.

“ஒனக்குக் கிண்டலா இருக்குல.”

கிண்டல்தான். அழுதால் மட்டும் ரயில் நின்றுவிடுமா?

மறுநாளிலிருந்து பைப்படியில் நானே செய்தி சொன்னேன். வாளியைக் கவிழ்த்து டமடமவென்று தட்டினால் பீரங்கி. குடத்துத் தண்ணீரைச் சளேரென்று ஊற்றினால் கப்பல் முழுகிவிட்டது. ஜப்பான் தளபதிக்கு எங்களை வேலை வாங்குகிற மண்டோர் குரலையே கொடுத்தேன், மூக்கால் பேசுகிறவன். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், வீட்டுக்குப் போய்ப் புருஷன்மார்களிடம் நடித்துக் காட்டினார்கள். அந்த வாரக் கணக்கு ஒன்பது கப்பல். ஒன்பது வாளித் தண்ணீர் ஊற்றித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இங்கே எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பால் நிறுக்கும்போது தராசு முள் இருபது ராத்தல் காட்டினால், ஆள் இருபத்தினாலு என்று கூவுவான். கிராணி தண்ணிக் கழிவு என்று சொல்லிப் பதினெட்டு எழுதுவார். ரெண்டு பேரும் கோபித்துக்கொள்வதில்லை. வெள்ளைக்காரன் நாளிலிருந்து அப்படித்தான். கிராணி முன்னால் உள்ளதை உள்ளபடி சொல்கிறவனைத் தோட்டத்தில் பைத்தியம் என்பார்கள்.

ஆபீசர் வந்தார், கூடவே தமிழ் பேசுகிற துபாசி ஒருவர். கிராணி நோட்டோடு தராசு பக்கத்தில் நின்றார்.

“எதிரி கப்பல் எத்தனை முழுகுச்சு?” என்று துபாசி கேட்டார்.

முதல் ஆள் கிராணியையும் நோட்டையும் பார்த்தான். “பன்னண்டுங்க.”

“பதினஞ்சு,” என்றான் அடுத்தவன்.

“இருபதுக்குக் கொறையாது, ஐயா,” என்றாள் மூன்றாமவள். “நல்லாக் கெட்டியான கப்பலு, தண்ணியே கெடையாது.”

அலமாக், வந்தது வம்பு என்று நினைத்துக்கொண்டேன். ஆபீசருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பிறகு கிராணி அனுப்பிய இங்கிலீஷ் தாளை எடுத்துப் பார்த்தார், சிரிப்பு போய்விட்டது. அதில் ஒன்பது.

“ஜப்பானோட வெற்றிய எதுக்குக் கொறச்சு எழுதினேன்னு கேக்குறாரு,” என்றார் துபாசி, மெதுவாக.

ரெண்டு பாஷை தெரிந்தவர் நோட்டைப் புரட்டிக்கொண்டு நின்றார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனேன்.

“ஐயா, இவருக்குக் கழிச்சு எழுதித்தான் பழக்கம். பாலானாலும் கப்பலானாலும் கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டாரு. எத்தன வாட்டி சொல்லிட்டேன், கேக்குற ஆளு இல்ல.”

கொட்டகையே சிரித்தது. பல வருஷத்துச் சிரிப்பு அது. துபாசி என்னத்தைச் சொன்னாரோ, ஆபீசர் என்னையும் தராசையும் பார்த்தார். கிட்டே வந்து கிராணி கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டார். நோட்டு எங்கேயோ போய் விழுந்தது.

“இனிமே கழிக்காம எழுதணுமாம்,” என்றார் துபாசி. “ஆளுங்களுக்கு நல்லா வெளங்குதாம். அதனால சயாம் வேணாமாம்.”

சாயந்திரம் அவர் கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்தேன். “என்னைத் திருடன்னுல சொல்லிட்ட,” என்றார்.

“பொய்யா சொன்னேன்?”

ஒத்தடத் துணியை வாங்கித் தானே கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிறகு, “அந்த வாளிய எப்படித் தட்டுன?” என்று கேட்டார்.

அவ்வளவுதான். பிற்காலத்தில் வானொலிக்குப் போனபோதும் எழுதியதை முதலில் சமையல்கட்டில் என்னிடம் வாசிப்பார். நான் கரண்டியைக் கீழே வைத்தால் நல்லாயிருக்கிறது என்று அர்த்தம். முதலில் செய்த விவரண நிகழ்ச்சி சயாமுக்குப் போனவர்களைப் பற்றியது. எங்கள் தோட்டத்திலிருந்து போய்த் திரும்பாதவர்கள் இத்தனை பேர் என்று ஓர் எண்ணை வாசித்தார்.

“அது எங்கேருந்து வந்துச்சு?” என்றேன்.

“பழைய ஆபீஸ் காகிதம்.”

“எழுதினது யாரு?”

தாளை மடித்து வைத்தார். “கிராணிதான்,” என்றார்.

அடுத்த வாரம் ஒலிப்பதிவு மிஷினைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். லயம் லயமாக உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டிலும் போனவர் பேரை அவரவர் வாயாலேயே சொல்ல வைத்தார். அந்த நிகழ்ச்சியில் எண்ணே கிடையாது, பேர் மட்டும்தான். நேரம் போதாது, பாதிப் பேரை எடுத்துவிடு என்று நிலையத்தில் சொன்னார்களாம். கழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, சோறு கேட்டபடி வீட்டுக்கு வந்தார்.