நம்பர் கேட்டால் சொல்லிவிடும் அம்மா

இரண்டு வருடங்களுக்கு முன், தைப்பொங்கல் முடிந்த வாரம் நடந்தது இது. டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், அம்மா தனியாக இருந்தார். நான் ஹட்டனில் ஆசிரியை. முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அம்மாவின் சேமலாப நிதிப் பணம் வங்கியில் இருந்தது. லயத்தை விட்டு இறங்கி, தோட்டத்தில் கிடைத்த ஏழு பேர்ச் துண்டுக் காணியில் சொந்தமாக ஒரு வீடு கட்ட வேண்டும். அவர் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். அத்திவாரமும் போட்டாயிற்று.

அம்மாவுக்கு போன் வாங்கிக் கொடுத்தது நான். "பள்ளி நேரத்துல மட்டும் கூப்பிடாதீங்கம்மா, அதிபர் ஏசுவாரு" என்று கண்டித்து வைத்ததும் நான்தான்.

ஒரு நாள் பகல், வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் அம்மாவை அழைத்திருக்கிறான். நல்ல தமிழாம், அவ்வளவு மரியாதையாம். கணக்கு முடங்கப் போகிறது, இன்றைக்கே சரி செய்யாவிட்டால் காசு எடுக்க முடியாது என்றிருக்கிறான். அடையாள அட்டை இலக்கம், வங்கிப் புத்தக இலக்கம், கடைசியாகப் போனுக்கு வந்த ஆறு இலக்கம். அம்மா எல்லாவற்றையும் பிழையில்லாமல் வாசித்துக் காட்டியிருக்கிறார். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்ற எச்சரிக்கை அதே குறுஞ்செய்தியில் ஆங்கிலத்தில் இருந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரிந்தது இலக்கங்கள் மட்டும்.

அடுத்த வாரம் சுவருக்குக் கல் வாங்கக் காசு எடுக்கப் போனோம். கணக்கை வழித்துத் துடைத்திருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் இடம் பொருள் பார்க்கவில்லை. வங்கி வரிசையில் அத்தனை பேருக்கு முன்னால் கத்தினேன். "யாரு எதைக் கேட்டாலும் சொல்லிருவீங்களா? கொஞ்சமாவது மூளை வேணாமா?"

அம்மா முந்தானையைச் சுருட்டியபடி மெதுவாகச் சொன்னார். "கொழுந்து நிறுக்கிற எடத்துல கணக்கப்பிள்ளை நம்பர் கேட்டா சத்தமா சொல்லணும் புள்ள. சொல்லலைன்னா கொழுந்து நம்ம பேருல விழாது. அந்தப் பழக்கம். ஒன்னைக் கேக்கத்தான் போனை எடுத்தேன். நீ வகுப்புல இருப்பேன்னு வச்சிட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அங்கிருந்து நேரே பொலிஸ் நிலையம் போனோம். முறைப்பாடு எழுதிய அதிகாரி சிங்களத்தில் அம்மாவின் பெயரைக் கேட்டார். அம்மா சந்தையில் சிங்களத்தில் பேரம் பேசி எவரையும் மடக்குகிறவர். அன்று பெயரைச் சொல்லும் முன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லட்டுமா புள்ள?" என்றார்.

போன காசு திரும்பவில்லை. அத்திவாரத்தில் புல் முளைத்துவிட்டது. அம்மா போன வருடம் அதே லயத்தில் கண்ணை மூடினார். இப்போதெல்லாம் பெற்றோர் கூட்டத்தில் பாடத்தைப் பற்றிப் பேசும் முன், வீட்டிலுள்ள பெரியவர்களிடம் எந்த நேரத்திலும் கூப்பிடச் சொல்லுங்கள், ஏமாந்து வந்து நின்றால் ஏசாதீர்கள் என்கிறேன். காசு போன வருத்தம் ஆறிவிட்டது; தன் சொந்தப் பெயரைச் சொல்லவே என் அம்மாவைப் பயப்பட வைத்தவள் நான் என்பது மட்டும் இன்றுவரை ஆறவில்லை.