ஹெக்டர் மான்சன் போட்ட பெஞ்சு

மனைவி நெட்டாவின் தட்டையும் கோப்பையையும் தனித் தொட்டியில் கழுவிக்கொண்டிருந்தான் ஹெக்டர் மான்சன். முடித்ததும் ரப்பர் கையுறைகளை, வெளிப்பக்கம் விரலில் படாமல், உள்புறம் வெளியே வரும்படி உரித்தான். வேலையிடத்துப் பழக்கம். ஸ்காட்லாந்தின் வடகோடியில், தர்ஸோ ஊருக்கு மேற்கே கடலோர அணு ஆலையில் பாதி ஆயுசைக் கழித்தவன் அவன். ஆராய்ச்சி உலைகளில் எரிந்து தீர்ந்த எரிபொருள் கனத்த ஈயப் பெட்டிகளில் வந்து சேரும். தடித்த சுவருக்குப் பின்னால் அதை அமிலத்தில் கரைத்து, மிஞ்சிய யுரேனியத்தைப் பிரித்தெடுப்பது அவன் பிரிவின் வேலை.

அங்கே உடைமாற்றும் அறையின் குறுக்கே தாழ்வான பெஞ்சு ஒன்று கிடக்கும். அதற்கு அந்தப் பக்கம் அசுத்தம், இந்தப் பக்கம் சுத்தம். பெஞ்சில் உட்கார்ந்து ஆலை ஷூவைக் கழற்றி, காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கி இந்தப் பக்கம் போடவேண்டும். கல்யாணத்தன்று தேவாலயத்துப் பெஞ்சிலும் அப்படித்தான் காலைத் தூக்கிப் போட்டான் என்று நெட்டா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

போன மாதம் நெட்டாவின் தைராய்டு அடங்குவதற்காக இன்வர்னெஸ் ஆஸ்பத்திரியில் கதிரியக்க அயோடின் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வாரம் புருஷனை விட்டுத் தள்ளிப் படுக்கச் சொன்னார்கள். வீடு வந்த மறுநாள் காலை அவளுக்குக் குப்பென்று வியர்த்தது. ஹெக்டர் யோசிக்காமல் வெறுங்கையால் நெற்றியையும் கழுத்தையும் துடைத்துவிட்டான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட, கையை ஒப்புக்குக் கழுவிக்கொண்டு ஓடினான். மத்தியானம் ஆலையிலிருந்து சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது கையில் கதிரியக்கம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் இயந்திரம் அலறியது. எங்கோ கசிவு என்று கரைக்கும் வேலையை நிறுத்திவிட்டு ஆளாளுக்குத் தேடினார்கள்.

கதிர்வீச்சுப் பரிசோதகன் டோடி ஸ்வான்சன்தான் கண்டுபிடித்தான். "இது நம்ம சரக்கு இல்லப்பா. நம்மகிட்ட வர்றது தண்ணியில வருஷக்கணக்கா ஆறிக் கெடந்தது. அதுல இந்த அயோடின் எப்பவோ செத்துப்போச்சு. இது உன் வீட்டுச் சரக்கு, உன் பொண்டாட்டி முழுங்கின மாத்திரை வேர்வையில வந்திருக்கு."

கேன்டீனில் ஒருவன், "மான்சன், பொண்டாட்டியையும் ஈயப் பெட்டியில போட்டு அனுப்பு, கரைச்சுத் தர்றோம்," என்றான். ஹெக்டரும் சிரித்துவைத்தான். அன்று சாயங்காலம் தோட்டத்துப் பெஞ்சைத் தூக்கிவந்து படுக்கையறை வாசலின் குறுக்கே போட்டான்.

இரண்டு வாரம் முடிந்து, இன்னொரு வாரமும் போயிற்று. பெஞ்சு நகரவில்லை. அவன் கூடத்து சோபாவில்தான் படுத்தான்.

"டாக்டரே போதும்னுட்டார். நீ யாரு சொல்லணும்னு காத்திட்டிருக்க?" சமையலறை வாசலில் நின்று நெட்டா கேட்டாள்.

"அந்த அயோடின் எட்டு நாளைக்கு ஒருதரம் பாதியாகும். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், நெட்டா."

"பாதி, பாதியில பாதின்னே போனா, நான் கிழவியானப்புறமும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்."

"கிண்டல் பண்ணாத. தெரிஞ்சுதான் சொல்றேன்."

"உனக்குத் தெரியும். எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாமத்தான் இத்தனை வருஷமா அங்கேர்ந்து வந்த ஆளு பக்கத்துல படுத்தேன். ஒரு நாளாவது பெஞ்சு போட்டேனா?"

"நான் கழுவிட்டுத்தான வந்தேன். மெஷின் பார்த்துத்தான வெளிய விட்டாங்க."

"மெஷின் பார்த்துச்சு. நான் பார்க்கல. நீ சுத்தம்னு சொன்ன, சரின்னேன்."

ஹெக்டர் துண்டை எடுத்து, உலர்ந்திருந்த கையையே மறுபடி துடைத்தான். அடுப்பில் உருளைக்கிழங்கு பொங்கி வழிந்தது. தீயைக் குறைக்க நெட்டா அவனருகே வந்தாள். அவன் கால் தானாக ஓரடி பின்னுக்குப் போயிற்று. அதை அவளும் பார்த்தாள், அவனும் பார்த்தான்.

"இன்னிக்கு நான் உள்ள வந்து படுக்கட்டுமா?" என்று கேட்டான்.

நெட்டா பாத்திரத்தின் மூடியைச் சரியாக வைத்துவிட்டு, அறையை விட்டுப் போனாள்.