சிவப்பு பூசிய வளையம்

இரும்புச் சட்டியில் கடுகு வெடிக்கிற சத்தமும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் சூடேறுகிற சத்தமும் ஒன்றல்ல என்பதை ஒன்பது வயதிலேயே அறிந்திருந்த காதுகள் என்னுடையவை. கடுகு அடம்பிடித்து வெடிக்கும். இந்த மணிகளோ தூரத்தில் யாரோ கண்ணாடி வளையல்களைக் குலுக்குவதுபோல மெல்லக் கிணுகிணுக்கும். அழுக்கு ரோஜா நிறத்தில் கிடந்தவை ஓரத்திலிருந்து ஊதாவாக மாறி, நான் குச்சியால் கிளறக் கிளற, கடைசியில் மயில் கழுத்து நீலமாகிவிடும். ரோஜா என்றால் ஈரம் குடித்திருக்கிறது, நீலம் என்றால் காய்ந்துவிட்டது. அதைக் கண்டதும் சட்டியை இறக்கி, மணிகளைத் துணிப்பையில் கொட்டி, பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த தோட்டா டின்னுக்குள் வைத்துவிட்டு வரவேண்டும். வாரம் ஒருமுறை, சனிக்கிழமை மத்தியானம், இது என் உத்தியோகம்.

ஹைதராபாத் பாலாநகரில் ஓர் அரசுத் தொழிற்சாலையில் அப்பா தரப் பரிசோதகராக இருந்தார். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டு வகைப் பொருள்கள்தான் உண்டு. ஒன்று பாஸ் ஆனது, மற்றது தேறாமல் சிவப்புப் பெயின்ட் அடிக்கப்பட்டது. அம்மா இட்லித் தட்டை இறக்கும்போதெல்லாம், எங்கே இதிலும் ஒரு சொட்டு சிவப்பு விழுந்துவிடுமோ என்று கேலி செய்வாள். பக்கத்து வீட்டுச் சவரிமுத்து மாமா அதே தொழிற்சாலையில் லேத்தில் உலோகம் கடையும் டர்னர். அவருடைய தாத்தா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்குச் செகந்திராபாத் வந்தவர். மூன்று தலைமுறையில் அந்தக் குடும்பத்துத் தமிழுக்குள் ஆமாமுக்கு ‘ஹவ்’, வேண்டாமுக்கு ‘நக்கோ’, ஏனுக்கு ‘கைக்கு’ எல்லாம் வாடகை கொடுக்காமல் குடியேறிவிட்டன. தாத்தா வழியாக வந்த இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றும் லைசென்ஸோடு அவரிடம் இருந்தது. அந்தக் காலத்தில் சட்டம் வேட்டையைத் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கௌதாரிக்கும் முயலுக்கும் போய்வருவார். அப்பாவோ திருநெல்வேலிச் சைவம். முட்டை விற்கிற கடையைக்கூட எதிர்வரிசையில் நடந்து கடப்பவர். இவர்கள் இருவரையும் சேர்த்து வைத்தது மழைக்கால ஈரம்.

அன்றைய தோட்டாக்களுக்கு அடியில் பித்தளைத் தொப்பி, உடம்பெல்லாம் தடித்த காகிதம். நனைந்தால் வெடிக்காமல் போகலாம் என்பது பிறகு வரும் கவலை. முதலில் காகிதம் ஊதிப்போய்க் குழலுக்குள்ளேயே நுழையாது. மாமா ஒருநாள் இதைச் சொல்லிப் புலம்ப, அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. கருவிகளை அடைத்துவரும் பெட்டிகளில் வேண்டாமென்று எறியப்படும் சிலிக்கா ஜெல்லை அனுமதி கேட்டு வாங்கிவந்தார். இறுக்கமான மூடி போட்ட பிஸ்கட் டின் ஒன்று தயாரானது. பிறகு, துப்பாக்கிக் குழலின் வாயளவுக்குச் சரியாக ஒரு பித்தளை வளையத்தை மாமா கடைந்து கொடுக்க, அப்பா அதை மூன்று முறை அளந்து பார்த்துத் தலையசைத்தார். வளையத்துக்குள் வழுக்கி இறங்கும் தோட்டா நல்ல தோட்டா, மாட்டிக்கொள்வது ஈரம் குடித்தது. அந்த வளையம் வந்தபின், தோட்டாவைக் குழலில் போட்டுப் பார்க்கும் பழக்கத்தையே மாமா விட்டுவிட்டார்.

வெளியில் கொண்டுபோவது வேறு தலைவலி. அப்பா முதலில் ஒவ்வொரு தோட்டாவையும் மெழுகுத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் தாளில் மடித்து, நூலால் கட்டிக் கொடுத்தார். ஒரு சொட்டு நீர் இறங்கவில்லைதான். மாமா திரும்பிவந்து சொன்னார்: “சார், நீங்க போட்ட முடிச்சை நான் அவுக்கறதுக்குள்ள அந்தக் கௌதாரி கல்யாணம் கட்டி, புள்ள பெத்து, புள்ளைக்கும் கல்யாணம் கட்டிடுச்சு.” மாமாவின் வழக்கப்படி சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் கை உடனே எடுக்கும்; ஆனால் வேர்வையும் தூறலும் உள்ளே இறங்கிவிடும். காய்ந்திருக்க வேண்டும், கேட்ட நொடியில் விரலுக்குக் கிடைக்கவும் வேண்டும். இரண்டு மாதம் சண்டை போட்டு ஒரு இடுப்பு பெல்ட்டுக்கு வந்துசேர்ந்தார்கள். கூடாரத்துணியில் தோட்டா செருக வரிசையாகக் காதுகள் தைத்து, மேலே பழைய குடைத்துணியால் ஒரு மடிப்பும் போட்டவள் அம்மா. வலப்பக்கம் பறவைக்கான பொடிக்குண்டுத் தோட்டாக்கள், இடப்பக்கம் பன்றிக்கான பெருங்குண்டுத் தோட்டாக்கள் இரண்டே இரண்டு. கண் பார்க்க வேண்டியதில்லை, விரல் கண்டுபிடித்துவிடும்.

இத்தனைக்கும் அப்பா ஒரு நிபந்தனை வைத்திருந்தார். துப்பாக்கி அங்கே இருக்கலாம், தோட்டா டின்னைப் பூட்டிவைக்கும் பெட்டியின் சாவி எங்கள் வீட்டில்தான் தொங்கும். ஜெல் வறுக்கிற வேலை அப்படித்தான் என்னிடம் வந்தது. அம்மாவும் தன் பங்குக்கு ஒன்று சொல்லிவைத்தாள்: “அந்தச் சட்டி அடுக்களைப் படி ஏறிச்சுன்னா, சட்டியையும் உடைப்பேன், உன் காலையும் உடைப்பேன்.” கொல்லைப்புறத்தில் மூன்று செங்கல் வைத்து வறுத்தேன்.

என் யோக்கியதையை இனி மறைத்துப் பயனில்லை. நீல மணி ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய், நிஜாம் அரண்மனையிலிருந்து உருண்டுவந்த வைரம் என்று அறிமுகப்படுத்தினேன். சந்தேகப்பட்டவனைத் துப்பிப் பார்க்கச் சொன்னேன். அவன் துப்பினான், வைரம் அவன் கண்ணெதிரே ரோஜா நிறமானது. அதற்குமேல் யாருக்கு ஆதாரம் வேண்டும்? ஒரு வைரத்துக்கு இரண்டு கோலிக்குண்டு என்று வியாபாரம் பிடித்துக்கொண்டது. கோடை முடிவதற்குள் என்னிடம் ஒரு டப்பா நிறையக் கோலிக்குண்டு இருந்தது, துணிப்பையில் ஒரு மணிகூட இல்லை. பை தட்டையாகக் கிடந்தால் தெரிந்துவிடுமே! அம்மாவின் கல் உப்பை எடுத்து, வேட்டிக்குப் போடும் நீலத்தில் புரட்டி, வெயிலில் காயவைத்துப் பைக்குள் போட்டுக் கட்டினேன். பார்வைக்கு அசல். அந்த நாளில் என்னைவிடக் கெட்டிக்காரன் ஆந்திரப் பிரதேசத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

உப்பு ஈரத்தைத் தேடிப்பிடித்துக் குடித்துவிட்டு உருகி வழியும் என்பதைச் சமையல் தெரிந்த யாரையாவது கேட்டிருக்கலாம்.

மழை பிடித்துக்கொண்ட மூன்றாவது வாரம், தொழிற்சாலையில் ஹெல்ப்பராக இருந்த எல்லையா என்பவர் சவரிமுத்து மாமாவைத் தேடி வந்தார். மேட்சலைத் தாண்டி அவருடைய ஊர். காட்டுப்பன்றிகள் சோளத்தை உழுது போட்டிருந்தன. ஒன்று அவருடைய தம்பியின் தொடையைக் கிழித்து, அவன் எழுந்து நடக்க முடியாமல் கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாக மாமா ஒப்புக்கொண்டார். பெல்ட் மழையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதற்காக, வாழ்நாளில் முதல்முறையாக, அப்பாவும் கிளம்பினார். மாதக்கணக்கில் நச்சரித்திருந்த என்னையும் கூட்டிப்போவதாக முடிவானது.

மழை பிடித்ததிலிருந்து வறுப்பதாகப் பேர்பண்ணித் திறக்காமலே விட்டிருந்த டின்னைச் சனிக்கிழமை மத்தியானம் திறந்தேன். பை நீலக் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தது. தோட்டாக்கள் பொரிந்த அப்பளம்போல உப்பியிருந்தன. பையைச் சாக்கடையில் எறிந்தேன், தோட்டாக்களைத் துண்டால் துடைத்தேன், வாயால் ஊதினேன், சூரியனைத் தேடினேன், பிள்ளையாருக்கு என் கோலிக்குண்டு அத்தனையும் நேர்ந்துகொண்டேன். வளையத்தில் ஒன்றைப் போட்டேன். மாட்டிக்கொண்டது. இன்னொன்றும் அப்படியே. சாயங்காலம் அப்பா இதே வளையத்தோடு உட்காரப்போகிறார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்ற யோசனை வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆனால் அப்பாவின் கருவிப்பெட்டியில் இருந்த உருண்டை அரம் அதற்கு முன்னால் வந்துவிட்டது. தோட்டாவை இளைக்கவைக்க முடியாது, வளையத்தைப் பெருக்கவைக்கலாம். உள்விளிம்பை ராவினேன். உள்ளங்கையில் பித்தளைப் பொடி மின்னியது. ராவுவதும் தோட்டாவைப் போட்டுப் பார்ப்பதுமாக எவ்வளவு நேரம் போயிற்றோ, கடைசியில் அது கண்ணியமாக உள்ளே இறங்கியது.

ஒரு பரிசோதகரின் வீட்டில், பரிசோதகரின் மகன், அளவையே திருத்திவிட்டான். இதைவிடப் பெரிய பாவம் எங்கள் குவார்ட்டர்ஸில் அதுவரை நடந்ததில்லை.

சாயங்காலம் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தோட்டாவாக வளையத்தில் இறக்கினார். ஒவ்வொன்றுக்கும் “பாஸ்” என்றார். மாமா அவற்றை வாங்கிப் பெல்ட்டில் செருகினார். ஜெல் பை எங்கே என்று கேட்டதற்கு, வறுக்க எடுத்துவைத்திருப்பதாகச் சொன்னேன்.

மறுநாள் தூறலில் பஸ் பிடித்து, இறங்கி, வரப்பு வரப்பாக நடந்தோம். எனக்கு வயிற்றுவலி என்றேன். அப்பா ஒரு புதரைக் காட்டினார். தலைசுற்றல் என்றேன், எல்லையா மோர் வாங்கிக் கொடுத்தார். கால் சுளுக்கு என்றேன். மாமா தோளில் தூக்கிக்கொண்டார். அவருடைய இடுப்பில் குடைத்துணிமேல் விழுந்த மழை முத்து முத்தாக உருண்டு கீழே போவதை அப்பா பெருமையோடு பார்த்துக்கொண்டே வந்தார்.

பன்றிகள் விடியும்வரை மேய்ந்துவிட்டு ஏரிக்கரைப் புதருக்குள் படுத்திருந்தன. அந்தப் பக்கமிருந்து தகரம் தட்டி விரட்டினால், முள்வேலியில் இருந்த இடைவெளி வழியாகத்தான் வரும். அங்கே மாமா நிற்பதாகவும், சோளக்காவல் பரண்மேல் அப்பாவும் நானும் ஏறிக்கொள்வதாகவும் ஏற்பாடு. சின்னப் பையன் கூட இருப்பதால், நாங்கள் ஏறிய பிறகே தோட்டா போட வேண்டும் என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். நாங்கள் ஏறி முடிப்பதற்குள் ஊர்க்காரர்கள் அவசரப்பட்டுத் தகரத்தைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள்.

மாமாவின் இடக்கை பெல்ட்டுக்குப் போனது. மடிப்பு விலகியது, விரல்கள் பார்க்காமலே இரண்டையும் உருவின. பெல்ட் அன்றைக்கு நூற்றுக்கு நூறு வாங்கியது. துப்பாக்கியை மடக்கித் தோட்டாவைக் குழலில் வைத்தார். பாதி இறங்கி நின்றது. அடுத்ததும் பாதியில் நின்றது. கட்டைவிரலால் அழுத்தினார். திருகினார். ஒரு கணம் நிமிர்ந்து பரணைப் பார்த்தார். அந்த முகத்தில் பயம் இல்லை, கேள்விதான் இருந்தது. கத்துவதற்காக நான் வாயைத் திறந்தேன். “ஓடுங்க மாமா” என்றுதான் சொல்ல நினைத்தேன். சத்தியமாக ஒரு எழுத்தும் வரவில்லை; வந்ததெல்லாம் கால்சட்டை வழியாகத்தான் வந்தது. புதர் பிளந்து கறுப்பாக ஒன்று வெளியே வந்தது. அப்பாதான் கத்தினார்: “சவரி! விட்டுட்டு ஏறு!” மாமா துப்பாக்கியைப் போட்டுவிட்டுப் பரணின் காலைப் பிடித்தார். பன்றி அவரைக் கடந்து போய்விட்டதாகத்தான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அவருடைய வலக்காலைப் பார்த்தேன்.

உயிர் பிழைத்தார். காயம் ஆறியது, நரம்பு கூடவில்லை. நாள் முழுக்க லேத்தின்முன் நிற்க அந்தக் கால் இனி உதவாது என்று டாக்டர் சொன்னதால், மெஷின் ஷாப்பிலேயே கெட்டிக்கார டர்னர் என்று பெயரெடுத்தவரை, கருவிகளை எடுத்துக்கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் முக்காலியில் உட்காரவைத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அப்பா வளையத்தை விளக்கின்முன் பிடித்தார். கடைந்த பித்தளைக்கும் ராவிய பித்தளைக்கும் வித்தியாசம் தெரியாதவரா? வெகுநேரம் உள்விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிவப்புப் பெயின்ட்டை எடுத்து வளையம் முழுக்கப் பூசி, முன்னறைக் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. அடித்திருந்தால் அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன். பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் எட்டு வருஷம் அந்த ஆணியைக் கடந்தேன். மாமாவை வழியில் பார்த்தால் ஏதாவது கோமாளித்தனம் செய்து சிரிக்கவைத்துவிட்டு ஓடுவேன். இன்றுவரை நான் கூட்டத்தில் ஜோக் அடிக்கிறவனாக இருப்பது அங்கே ஆரம்பித்ததுதான்.

வேட்டைக்குத் தடை வந்து சில வருஷங்களான பிறகு, மாமா துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போனார். தூக்கிக்கொண்டு நடக்க அவரால் முடியாததால், காலேஜில் சேர்ந்திருந்த நான் கூடப் போனேன். ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வந்து ஈரானி ஹோட்டலில் உட்கார்ந்தோம். ஜோக் ஒன்றும் வரவில்லை. “மாமா, அந்த ரிங்கை ராவினது நான்” என்றேன்.

அவர் சாஸரில் ஊற்றிய டீயைக் குடித்து முடித்தார்.

“ஹவ். உப்புக்கு நீலம் போட்டதும் நீதான். டின்னுக்குள்ள நீலமும் உப்பும் ஒட்டியிருந்ததைப் பாத்துட்டு, ஆஸ்பத்திரியிலே மூணாம் நாளே உங்கப்பா வந்து சொல்லிட்டார்.”

“அப்ப ஏன் மாமா கேக்கல?”

“நான் கேக்கறேன்னுதான் சொன்னேன். சார் நக்கோன்னுட்டார். அவனா வரட்டும் சவரின்னார். நான் கிறிஸ்மஸ் பலகாரம் குடுக்க உங்க வீட்டுக்கு வர்றப்போ எல்லாம், வந்தானான்னு கேப்பார். இல்லே சார்ம்பேன். உள்ளே போயிடுவார்.” தன் காலைத் தடவிக்கொண்டார். “நானும் அந்தக் குழல்ல ஒரு தடவை போட்டுப் பாத்திருக்கலாம். கைக்கு பாக்கணும், சார் பாஸ் பண்ணதாச்சேன்னு இருந்துட்டேன்.”

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம், சவரி மாமாவிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “சரி. மோரு ஊத்திக்கோலே” என்றார். காலையில் ஆணி வெறுமையாக இருந்தது. வளையம் என் புத்தகத்தின்மேல் இருந்தது. சிவப்பை அவர் துடைத்திருக்கவில்லை.

இப்போது அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. காகிதத் தோட்டாவைக் கண்டவர்கள் அருகிவிட்டார்கள். எல்லையாவின் சோளக்காட்டில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. புதுச் செருப்பு வாங்கினால் பெட்டிக்குள் சின்னப் பொட்டலமாகச் சிலிக்கா ஜெல் வருகிறது. பிரித்துப் பார்த்தேன், மணிகள் வெள்ளை. ஈரம் குடித்திருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் தெரியவில்லை.

வளையம் என் சாவிக்கொத்தில் இருக்கிறது. சட்டைப்பையில் உரசி உரசி வெளிப்பக்கத்துச் சிவப்பு முழுக்க உதிர்ந்துவிட்டது. உள்ளே, அரம் கீறிய வரிகளுக்குள் மட்டும் இன்னும் இருக்கிறது.